உட்காரும் இடத்தில் ஒரு குயில்

ஈரத் தரையில் கால் வழுக்கிப் பின்பக்கமாக விழுந்தவர்களுக்கு இந்த எலும்பை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் உட்காரப் போகும் நேரம் பார்த்து யாரோ நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட, தொப்பென்று தரையில் விழுந்தவர்களுக்கும் நன்றாகவே தெரியும். சில நொடிகள் மூச்சே நின்றுவிடும். பிறகு வாரக்கணக்கில் உட்காரும்போதும் எழும்போதும் அந்த இடம் தன்னை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். நாம் அதை வால் எலும்பு என்கிறோம். டாக்டர் சீட்டில் காக்சிக்ஸ் என்று எழுதுவார்.

இந்த இரண்டு பெயர்களும் இரண்டு திசையில் பார்க்கின்றன. வால் என்ற பெயர், அந்த எலும்பு ஒரு காலத்தில் என்னவாக இருந்தது என்று சொல்கிறது. காக்சிக்ஸ் என்ற பெயர், அது பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறது. இன்றைக்கு அது உடம்பில் என்ன செய்கிறது என்பதை இரண்டுமே சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, வேலை வெட்டி இல்லாத எலும்பு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. உண்மையில் ஒரு நாளில் நாம் எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறோமோ, அத்தனை முறையும் உழைக்கிற எலும்பு அது.

எங்கே இருக்கிறது?

முதுகெலும்பு என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒற்றை எலும்பு அல்ல. மேலிருந்து எண்ணினால் கழுத்தில் 7, மார்புக்குப் பின்னால் 12, இடுப்பில் 5 முள்ளெலும்புகள். அதற்குக் கீழே 5 முள்ளெலும்புகள் சேர்ந்து ஒரே எலும்பாகிவிட்டன. அதைத் திருவெலும்பு என்று தமிழில் எழுதுகிறார்கள். அதற்கும் அடியில், எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பதுதான் வால் எலும்பு. பெரும்பாலானவர்களுக்கு இதில் 4 சின்னத் துண்டுகள் இருக்கும். 3 அல்லது 5 இருப்பவர்களும் உண்டு, அது குறைபாடு இல்லை.

கையாலேயே கண்டுபிடிக்கலாம். இடுப்பின் நடுக்கோட்டிலிருந்து விரலைக் கீழ்நோக்கி நகர்த்துங்கள். முதலில் அகலமாக, கெட்டியாக, கொஞ்சம் மேடாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதுதான் திருவெலும்பு. இன்னும் கீழே, இரண்டு பிட்டங்களும் பிரியத் தொடங்கும் பிளவுக்குள் விரல் இறங்கும்போது எலும்பு சட்டென்று குறுகி, உள்பக்கமாக வளைந்து போவது தெரியும். அந்த வளைவின் நுனி ஆசனவாய்க்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். மொத்த நீளமே மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான்.

பிறக்கும்போது இது முழு எலும்பாக இருப்பதில்லை. பச்சிளங்குழந்தைக்கு அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் குருத்தெலும்பு. முதல் துண்டு குழந்தைப் பருவத்தில் எலும்பாகும். கடைசித் துண்டு எலும்பாகப் பருவ வயது வரைக்கும், சிலருக்கு அதற்குப் பிறகும் ஆகும். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் மெதுவாக, வயது ஏற ஏற நடக்கிறது. எல்லாருக்கும் எல்லாத் துண்டுகளும் ஒட்டிவிடுவதும் இல்லை.

அலகு என்று பார்த்தவர்கள்

காக்சிக்ஸ் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல். அங்கே கொக்கூக்ஸ் என்றால் குயில். பறவையின் கூவலைக் கேட்டு அப்படியே வைத்த பெயர். சமஸ்கிருதத்தில் கோகிலம் என்பதும் அதே மாதிரி காதால் வைத்த பெயர்தான். எலும்புக்குப் பறவையின் பெயரைக் கொடுத்தவர் ஹெரோஃபிலஸ் என்று மருத்துவ வரலாற்றில் பொதுவாகச் சொல்லப்படுகிறது. கி.மு. 335 வாக்கில் இன்றைய துருக்கியில் உள்ள கால்செடனில் பிறந்து, எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் பணியாற்றிய கிரேக்க மருத்துவர். மனித உடலை அறுத்துப் பார்ப்பதைப் பல ஊர்கள் ஒப்புக்கொள்ளாத காலத்தில், டாலமி அரசர்களின் ஆதரவோடு அங்கே அதை முறையாகச் செய்தார். சிறுகுடலின் முதல் பகுதிக்குப் பன்னிரண்டு விரல் நீளம் என்று பொருள்படும் பெயரை வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயரின் லத்தீன் வடிவத்தை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அவர் எழுதிய நூல்கள் அழிந்துவிட்டன. பின்னால் வந்தவர்கள் எடுத்துக்காட்டியதை வைத்தே அவரை நமக்குத் தெரியும்.

அப்படிப் பின்னால் வந்தவர்களில் முக்கியமானவர் கேலன். கி.பி. 129இல் பெர்கமோனில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற மருத்துவர். எலும்புகளைப் பற்றித் தொடக்க நிலை மாணவர்களுக்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். முதுகெலும்பின் கடைசித் துண்டைக் குயில் என்ற பெயரிலேயே அதில் குறிப்பிடுகிறார். மனித உடலை அறுக்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பார்பரிக் குரங்குகளையும் வேறு விலங்குகளையும் அறுத்துப் பார்த்தே பெரும்பாலும் எழுதினார். பார்பரிக் குரங்குக்கும் வெளியே தெரிகிற மாதிரி வால் கிடையாது. வாலில்லாத குரங்கைப் பார்த்து எழுதியவரின் வழியாக மனித வால் எலும்பின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கேலனுக்குப் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் அவருடைய உடற்கூற்றியலைத்தான் படித்தார்கள். 1543இல் வெசாலியஸ் என்ற உடற்கூற்றியலாளர் மனித உடலை நேரில் அறுத்துப் பார்த்துக் கேலனின் பல பிழைகளைத் திருத்தினார். குயிலின் பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

குயிலின் அலகைப் போல இருப்பதால்தான் எலும்புக்கு அந்தப் பெயர் என்பார்கள். இதில் அலகு எங்கே தெரிகிறது? மருத்துவக் கல்லூரி எலும்புக்கூட்டின் முன்னாலோ பின்னாலோ நின்று பார்த்தால் தெரியாது. அப்போது கண்ணில் படுவது தலைகீழான ஒரு சிறிய முக்கோணம், படிப்படியாகச் சிறுத்துக்கொண்டு போகும் முடிச்சுகள், அவ்வளவுதான். பக்கவாட்டுக்கு வாருங்கள். மேலே அகலமான முதல் துண்டு. அதன் முதுகுப்பக்கத்தில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டிக் கொம்புகள்; திருவெலும்போடு சேருவதற்காக இருப்பவை. அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது துண்டுகள் ஒடுங்கிக்கொண்டே முன்பக்கமாகச் சாய்கின்றன. கடைசித் துண்டு பட்டாணி அளவுகூட இராது, நுனி மழுங்கியிருக்கும். அடியில் தடித்து, நீண்டு, நுனியில் மெல்லக் கீழ்நோக்கி வளைந்த பறவையின் அலகு அப்படியே வந்துவிடுகிறது. பருந்தின் அலகைப் போலக் கொக்கியாகவும் இல்லை, கொக்கின் அலகைப் போல நேராகவும் இல்லை. அந்த மிதமான வளைவுக்குக் குயிலைத் தேர்ந்தெடுத்தவரின் கண்ணை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

பெயருக்கு இன்னொரு காரணமும் சொல்லப்பட்டதுண்டு. பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ழான் ரியோலான், ஆசனவாய் வழியாகக் காற்று பிரியும்போது எழும் ஓசை குயிலின் கூவலைப் போலிருப்பதால் அருகிலுள்ள எலும்புக்கு அந்தப் பெயர் வந்தது என்று விளக்கினார். மருத்துவ வரலாற்றுக் கட்டுரைகள் இதையும் தவறாமல் குறிப்பிடுகின்றன. ஆனால் எலும்பைப் பக்கவாட்டில் ஒருமுறை பார்த்தவர்கள் அலகு விளக்கத்தைத்தான் நம்புவார்கள்.

பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் எலும்புகளில் பறவைகளைத் தேடுவது இந்த ஓரிடத்தோடு நிற்கவில்லை. தோள்பட்டை எலும்பிலிருந்து முன்பக்கமாக வளைந்து நீளும் ஒரு முனை உண்டு. காறை எலும்பின் வெளிமுனைக்குச் சற்றுக் கீழே விரலை வைத்து அழுத்தினால் தட்டுப்படும். அதற்கு வைத்த பெயர் காக்கையைக் குறிக்கும் கொராக்ஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது; காரணம், அதன் வளைவு காக்கையின் அலகை ஒத்திருக்கிறது. தோளில் காக்கை, அடியில் குயில்! குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதைச் சின்ன வயதிலேயே கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சேர்க்கை தனி மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் ஒரு திருத்தம். ஹெரோஃபிலஸ் மனதில் இருந்தது நம் வேப்பமரத்துக் கருங்குயில் அல்ல. கிரேக்கத்தின் குயில் சாம்பல் நிறம்; வயிற்றில் கோடுகள்; குக்-கூ, குக்-கூ என்று இரண்டே சுரத்தில் கூவும். காக்கைக் கூட்டைத் தேடிப் போகாது, தன்னைவிடச் சிறிய பறவைகளின் கூட்டில் முட்டையிடும். நம் ஊரில் அதற்கு ஓர் உறவு அக்காக்குயில். அக்காக்குயிலின் அறிவியல் பெயரான ஹைரோகாக்சிக்ஸ் என்பதிலேயே இந்த எலும்பின் பெயர் ஒளிந்திருக்கிறது. வல்லூறு போன்ற குயில் என்பது அதன் பொருள். தமிழிலும் வால் எலும்பைக் குயிலலகு என்று கலைச்சொல்லாக எழுதுவதுண்டு. அழகான சொல், இன்னும் நிறையப் பேர் பயன்படுத்தலாம்.

புனிதமும் இந்த இடமும்

வால் எலும்புக்கு நேர் மேலே இருக்கும் எலும்பைக் கிரேக்கர்கள் புனித எலும்பு என்றார்கள். லத்தீனிலும் அதே பொருள்தான். தமிழில் திரு சேர்ந்தது அதனால்தான். ஏன் புனிதம் என்பதற்குப் பல விளக்கங்கள் உள்ளன. பலியிட்ட விலங்கில் அந்தப் பகுதியைக் கடவுளுக்குப் படைத்தார்கள் என்பது ஒன்று, உயிரை உண்டாக்கும் உறுப்புகளைத் தாங்கும் இடம் என்பது மற்றொன்று.

அதற்கு அடுத்துள்ள வால் எலும்புக்கும் சமயங்களில் இடம் உண்டு. இஸ்லாமிய மரபில், மனிதன் இறந்தபின் உடல் முழுவதும் மண்ணோடு மக்கினாலும் ஓர் எலும்பு மட்டும் மக்காது, மறுமையில் அதிலிருந்தே மனிதன் மீண்டும் படைக்கப்படுவான் என்ற நபிமொழி உள்ளது. அரபியில் வாலின் அடி என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் தமிழில் உள்வால் எலும்பு என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். யூத மரபிலும் லூஸ் என்று அழியாத ஓர் எலும்பு வருகிறது. ரோமப் பேரரசர் ஹாட்ரியனுக்கு யூத அறிஞர் யோசுவா அதை நிரூபித்துக் காட்டியதாக ஒரு பழங்கதை: பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள், கல் பிளந்தது, சுத்தியல் உடைந்தது, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த எலும்பு எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வால் எலும்புதான் என்பது அதில் ஒரு தரப்பு. யோகத்தில் மூலாதாரத்தை முதுகுத்தண்டின் அடியில் வைத்துப் பேசுவதையும் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அடித்தளம் என்ற எண்ணம் பல மரபுகளிலும் இந்த ஓர் இடத்தைச் சுற்றியே வந்திருக்கிறது.

வால் எங்கே போனது?

தாயின் வயிற்றில் நான்கு வாரம் கடந்த கருவுக்கு வால் உண்டு. நமக்கும் இருந்தது. ஐந்து, ஆறாவது வாரங்களில் அந்த வால் கருவின் மொத்த நீளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இருக்கும். அதற்குள் 10 முதல் 12 வரை வால் முள்ளெலும்புகள் உருவாகத் தொடங்கியிருக்கும். எட்டாவது வாரம் முடிவதற்குள் அது உள்ளிழுக்கப்பட்டுவிடும். வாலின் உயிரணுக்கள் ஒழுங்காக, முன்கூட்டியே எழுதிவைத்த திட்டப்படி இறந்துபோகின்றன. அந்தக் கழிவை உடம்பின் வெள்ளணுக்கள் அப்புறப்படுத்துகின்றன. எஞ்சிய நான்கு துண்டுகள்தான் வால் எலும்பு.

சார்லஸ் டார்வின் 1871இல் மனிதனின் தோற்றம் குறித்து எழுதியபோது வால் எலும்பை எச்ச உறுப்புகளில் ஒன்றாகக் காட்டினார். குரங்குகளோடு நமக்குப் பொதுவான மூதாதை உண்டு என்பதற்கு உடம்பிலேயே இருக்கும் சான்று என்றார். நம் நாட்டுக் குரங்குக்கும் மந்திக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்குக்கும் வால் இருக்கிறது. கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, மனிதன் ஆகிய ஐவருக்கும் இல்லை. தமிழில் இவற்றை வாலில்லாக் குரங்குகள் என்றே பிரித்து அழைக்கிறோம். ஏறக்குறைய 2.5 கோடி ஆண்டுகளுக்கு முன், மற்றக் குரங்குகளிலிருந்து இந்தக் கிளை பிரிந்தபோது வால் போயிருக்கிறது.

எப்படிப் போனது என்ற கேள்விக்கு 2024 பிப்ரவரியில் நேச்சர் ஆய்விதழில் ஒரு பதில் வந்தது. அதை எழுதிய குழுவில் முதன்மையானவர் போ ஷியா. நியூயார்க்கில் ஆய்வு மாணவராக இருந்தபோது காரில் போகையில் அவருக்கு வால் எலும்பில் அடிபட்டிருக்கிறது. அந்த வலிதான், மனிதனுக்கு வால் ஏன் இல்லை என்ற கேள்வியை மரபணுக்களில் தேட அவரைத் தூண்டியது.

தேடல் டி.பி.எக்ஸ்.டி. என்ற மரபணுவில் வந்து நின்றது. அது புதிதாகக் கண்டுபிடித்த மரபணு அல்ல. 1927இல் பாரிஸில் நாதின் தோப்ரோவோல்ஸ்காயா-சாவத்ஸ்காயா என்ற விஞ்ஞானி குட்டைவால் எலிகளை வளர்த்து, அந்தக் குட்டைவாலுக்குப் பின்னால் ஒரு மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தார். அதனால் அந்த மரபணுவுக்குக் குட்டைவால் என்று பொருள்படும் கிரேக்கப் பெயரும் நிலைத்தது. வாலில்லாத மாங்க்ஸ் பூனைகளுக்கும் அதே மரபணுவில்தான் மாற்றம்.

மனிதனிலும் வாலில்லாக் குரங்குகளிலும் இந்த மரபணுவுக்குள் ஏறக்குறைய 300 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. ஆலு என்ற வகையைச் சேர்ந்த இத்தகைய துண்டுகள் நம் மரபணுத் தொகுதி முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேலாகச் சிதறிக் கிடக்கின்றன. இந்த ஒன்று விழுந்த இடம்தான் முக்கியம். பக்கத்தில் ஏற்கெனவே எதிர்த்திசையில் இருந்த இன்னொரு ஆலு துண்டோடு இது இணைசேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பகுதி வளையமாகத் துருத்தி நிற்க, மரபணுவின் செய்தியைப் படியெடுத்துத் தொகுக்கும்போது அந்தப் பகுதி விடுபட்டுப் போகிறது. முழுப் புரதத்தோடு ஒரு குறைப் புரதமும் சேர்ந்து உண்டாகிறது. எலிகளில் அந்த இரண்டு வடிவமும் உண்டாகும்படி செய்து பார்த்தபோது, சில எலிகள் குட்டைவாலோடும் சில வாலே இல்லாமலும் பிறந்தன.

சில எலிக்குட்டிகளுக்குத் தண்டுவடம் சரியாக மூடாத பிறவிக் குறையும் இருந்தது. மனிதக் குழந்தைகளில் காணும் தண்டுவடப் பிளவை ஒத்த குறை அது. வாலை இழந்ததற்கு நம் மூதாதையர் கொடுத்த விலையை இன்றும் சில குழந்தைகள் சுமக்கிறார்களோ என்ற கேள்வியை ஆய்வுக் குழுவே எழுப்பியிருக்கிறது.

மிக அரிதாக வால் போன்ற நீட்டத்தோடு குழந்தைகள் பிறப்பதுண்டு. தோல், கொழுப்பு, கொஞ்சம் தசை, நரம்பு இவை அதில் இருக்கும். எலும்பு பெரும்பாலும் இருக்காது. நம் நாட்டில் அப்படிப் பிறந்த குழந்தைகளை அனுமனின் அம்சம் என்று கும்பிட்ட செய்திகள் வந்திருக்கின்றன. கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. ஆனால் குழந்தையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இத்தகைய நீட்டத்துக்கு அடியில் தண்டுவடம் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம், முள்ளெலும்பு பிளந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்காமல் வெளியே தெரிவதை மட்டும் வெட்டிவிடக் கூடாது. கவனிக்காமல் விட்டால், குழந்தை வளரும்போது காலின் பலமும் சிறுநீர் கட்டுப்பாடும் பாதிக்கப்படலாம்.

வேலையில்லாத எலும்பா?

எச்ச உறுப்பு என்றால் பயனற்ற உறுப்பு என்று நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தகத்தில் குடல்வாலையும் வால் எலும்பையும் ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோவதும் இதற்கு ஒரு காரணம். எச்ச உறுப்பு என்றால் முதலில் செய்துவந்த வேலையை இழந்தது என்றுதான் பொருள். வேறு வேலை இல்லை என்று பொருள் இல்லை. வால் எலும்பு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

நாய் வாலை ஆட்டும்போது அதன் இடுப்பெலும்பிலிருந்து வாலின் அடிவரைக்கும் போகும் தசைகள் சுருங்கி விரிகின்றன. வாலைப் பக்கவாட்டில் இழுப்பதும், பயந்தால் காலிடுக்கில் ஒடுக்குவதும் அவற்றின் வேலை. அதே தசைகள் நமக்கும் இருக்கின்றன. ஆட்டுவதற்கு வால் இல்லை. ஆனால் நாலு காலில் நடந்த விலங்குக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு வந்தது. நிமிர்ந்து நின்றதும் குடல், சிறுநீர்ப்பை, கருப்பை எல்லாவற்றின் பாரமும் நேராகக் கீழ்நோக்கி இறங்கியது. இடுப்புக் குழியின் அடிப்பக்கமோ திறந்த வாசல். அந்த வாசலை மூடித் தாங்கும் பொறுப்பை வாலாட்டும் தசைகள் ஏற்றுக்கொண்டன. முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து புறப்பட்டுப் பின்னால் வால் எலும்பில் வந்து அவை பிடித்துக்கொள்கின்றன. அவற்றின் மருத்துவப் பெயர்களிலும் காக்சிக்ஸ் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. மலத்தையும் சிறுநீரையும் அடக்கிக்கொள்ள முடிவது, இருமினாலும் தும்மினாலும் உள்ளுறுப்புகள் கீழிறங்காமல் இருப்பது, எல்லாம் இந்தத் தசைத் தளத்தின் தயவு. அதற்குப் பின்பக்க நங்கூரம் இந்த நான்கு சின்னத் துண்டுகள்.

இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். ஒருக்களித்துப் படுத்து, ஒரு விரல் நுனியை வால் எலும்பின் மேல் லேசாக வையுங்கள். சிறுநீரை அடக்குவது போல உள்ளே இறுக்குங்கள். விரலுக்கு அடியில் அந்த எலும்பு மிகச் சிறிதளவு முன்னால் நகரும். தளர்த்தினால் பழைய இடத்துக்கு வரும். வாலை ஒடுக்கும் அசைவில் நமக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்.

பிட்டத்தின் பெரிய தசையில் ஒரு பகுதியும் இதில் வந்து பிடிக்கிறது. தண்டுவடத்தின் உறைகளைக் கீழே இழுத்துப் பிடிக்கும் மெல்லிய நாரும் இதன் முதுகுப்பக்கத்தில்தான் முடிகிறது. பிரசவத்திலும் இதற்குப் பங்கு உண்டு: குழந்தையின் தலை வெளியே வரும் நேரத்தில் வால் எலும்பு பின்பக்கமாக வளைந்து கொடுத்து, வாசலை முன்பின்னாக அகலப்படுத்துகிறது. சில தாய்மார்களுக்கு அந்த வளைவு அளவு மீறி, மூட்டு நழுவிவிடுவதும், அரிதாக எலும்பு முறிவதும் உண்டு.

உட்காருவதிலும் இதன் பங்கு பெரிது. நேராக உட்கார்ந்தால் பாரம் இரண்டு பிட்ட எலும்புகளின் மேல் விழுகிறது. சாய்ந்து உட்கார்ந்ததும் வால் எலும்பு மூன்றாவது காலாகி, மூன்றும் சேர்ந்து முக்காலியாகிவிடுகின்றன. சோபாவில் சரிந்து கிடந்தபடி மணிக்கணக்கில் போன் பார்ப்பவர்களுக்கு அந்த இடம் ஏன் வலிக்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

வலித்தால்

வால் எலும்பு வலிக்கு 1859இல் மருத்துவப் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன். பிரசவ வலியைக் குறைக்கக் குளோரோஃபார்மைப் பயன்படுத்திய அதே மருத்துவர். இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகம் வருகிறது. பெண்களின் இடுப்புக் குழி அகலமானது, வால் எலும்பு பின்பக்கமாக அதிகம் வெளிப்பட்டு நிற்கிறது, பிரசவமும் சேர்ந்துகொள்கிறது. அப்படியிருந்தும் பெண்கள்தான் இதைப் பற்றி வாய்திறக்கக் கூச்சப்பட்டு மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். கூச்சப்படத் தேவையே இல்லை. முழங்கால் வலியைச் சொல்வதைப் போலச் சொல்லிவிடலாம்.

இந்த வலிக்கென்று ஓர் அடையாளம் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது வலிக்கும், எழும் அந்த நொடியில் சுரீரென்று கூடும், நடந்தால் குறையும். கடினமான பெஞ்சு, ஸ்பீட் பிரேக்கரில் துள்ளும் பஸ்ஸின் கடைசி இருக்கை, பைக்கின் பின்சீட்டு எல்லாம் இதைக் கிளறிவிடும். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம். உடல் பருமன் ஒரு காரணம்; எடை சட்டென்று குறைந்து பிட்டத்தின் கொழுப்பு மெத்தை கரைந்துபோவதும் ஒரு காரணம்.

சாதாரண எக்ஸ்-ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது. படுத்த நிலையில் எடுக்கும் படத்தில் எலும்பு தன் இடத்தில் அமைதியாக இருக்கும். கோளாறு உட்காரும்போதுதான் வெளிப்படும். இதைக் கண்டு, பிரான்சின் ழான்-ஈவ் மேய்ன் என்ற மருத்துவர், நோயாளியை நிற்கவைத்து ஒன்றும் வலிக்கிற நிலையில் உட்காரவைத்து ஒன்றும் எனப் பக்கவாட்டில் இரண்டு படம் எடுத்து ஒப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். உட்காரும்போது வால் எலும்பு கொஞ்சம் அசைவது இயல்பு. 25 டிகிரிக்கு மேல் முன்னால் மடங்கினாலோ, பின்பக்கமாக நழுவினாலோ அதுவே வலிக்குக் காரணமாக இருக்கலாம். சில நேரம் மருத்துவர் கையுறை அணிந்து ஆசனவாய் வழியாக ஒரு விரலை வைத்து, வெளியே கட்டைவிரலையும் வைத்து எலும்பை அசைத்துப் பார்ப்பார். எதற்காக அப்படிச் செய்கிறார் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் பாதி குறைந்துவிடும்.

எலும்பு முறிந்திருந்தாலும் மாவுக்கட்டுப் போட முடியாத இடம் இது. பெரும்பாலானவர்களுக்குக் காலமும் கவனமுமே மருந்து. வெறும் அடி என்றால் சில வாரங்கள், முறிவு என்றால் இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம். முதல் இரண்டு நாள் ஐஸ் ஒத்தடம், பிறகு வெந்நீர்த் தொட்டியில் இடுப்பளவு உட்காருவது, மலம் இறுகாமல் நார்ச்சத்தும் தண்ணீரும், மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை. எழுந்திருக்கும்போது முதலில் முன்னால் குனிந்து, பாரத்தைத் தொடைக்கு மாற்றிவிட்டு எழுங்கள். கடையில் வட்ட வளையத் தலையணையைக் காட்டுவார்கள். வால் எலும்புக்கு அதைவிடப் பொருத்தமானது, பின்பக்கம் ஒரு துண்டு வெட்டி எடுக்கப்பட்டு, முன்னால் சற்றுச் சரிவாக இருக்கும் தலையணை. எலும்பு அந்த வெட்டில் எதன் மேலும் படாமல் நிற்கும். இவ்வளவுக்கும் அடங்காதவர்களுக்கு இடுப்புத் தளத் தசைக்கான பிசியோதெரபி, ஸ்டீராய்டு ஊசி, எலும்புக்கு முன்னால் உள்ள நரம்பு முடிச்சை மரத்துப்போகச் செய்யும் ஊசி என்று படிகள் உள்ளன. எலும்பையே எடுத்துவிடும் அறுவைசிகிச்சை மிகச் சிலருக்குத்தான் தேவைப்படும்.

பிட்டப் பிளவில் வீங்கிச் சீழ் வடிந்தால் அது வால் எலும்பு வலி அல்ல. முடி உள்ளே வளர்ந்து பை கட்டும் பைலோனிடல் சைனஸாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையே வேறு. விழவே இல்லாமல் வலி தொடங்கி இரவிலும் படுத்தால்கூட விடாமல் இருந்தாலோ, காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலக் கட்டுப்பாடு தளர்ந்தாலோ தலையணை வாங்கப் போகாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.